பிடியரிசிபோல ஒரு பத்து நிமிடம்

எங்கள் ஆச்சி வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மாவு டின் இருக்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அந்த டின்னில் போட்டுவிட்டுத்தான் ஆச்சி மீதியைக் களைவாள். காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் தட்டிச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் படைப்பாள். பிடியரிசிக் காணிக்கை என்பார்கள். நாசரேத் பக்கம் எங்கள் ஊர். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்விட்டது.

வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாட்களும் உண்டு. ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், "இன்னிக்கு வேண்டாம் அத்தை, பிள்ளைகளுக்கே காணாது" என்றாள். ஆச்சி கையை நிறுத்தவில்லை. "காணாதுன்னு எனக்கும் தெரியும் மக்கா. வடிச்ச பொறவு மிச்சம் பார்த்துப் போடலாம்னா என்னைக்குமே மிச்சம் இருக்காது. அதான் முதல்லயே எடுத்திருதேன்" என்றாள். எனக்கு எட்டு வயது இருக்கும். அது எனக்கும் சேர்த்துச் சொன்ன பேச்சு என்பது டீச்சராகிப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

எனக்கு 27 வருடப் பணி ஆகிறது. இப்போது முக்கூடல் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். போன வருடம் பி.எட். பயிற்சிக்கு வந்த ஒரு பெண், கையில் கேள்வித்தாளோடு என் முன்னால் உட்கார்ந்தாள். "உங்க கொள்கை என்ன, எதை நம்பி இந்த வேலையைச் செய்யுதிய, வருங்காலத்தைப் பத்தி என்ன எதிர்பார்க்குதிய டீச்சர்?" அந்த டின்னைப் பற்றிச் சொன்னேன். மணி அடித்துவிட்டதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது, வேறொரு பள்ளி. உதவித்தொகைப் பட்டியலை மதியத்துக்குள் கொடுக்கச் சொன்னார்கள். அவசரத்தில் வகுப்புக்குப் போய், சாதிப் பிரிவின் பெயரைச் சொல்லி, "அவங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று கூப்பிட்டேன். ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். நான்காவது வரிசையில் ஒரு பையன் மட்டும் எழவில்லை. பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆள் உட்கார்ந்திருக்கிறான். நான் பெயரைச் சொல்லி அழைத்த பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாக எழுந்தான். அவனும் பக்கத்துப் பையனும் அதுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அடுத்த வாரம் அவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். நான் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு பட்டியலை வாசித்தேன், அவ்வளவுதான். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு ஜெபத்தில் வருகிறது.

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் கிடையாது. பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறம், நெற்றிப் பொட்டின் நிறம், சைக்கிளில் ஒட்டும் ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் இங்கே சாதி அர்த்தம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதை எந்த ஆசிரியரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தைப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் அறையில் வைத்துச் சொல்ல வேண்டும், அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. படித்தபோது எனக்கு அந்த ஜன்னலும் அந்தப் பையனும்தான் ஞாபகம். ஒரு குழு வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமா இது?

என் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். பட்டியல் எதுவானாலும் சத்தமாக வாசிப்பதில்லை. தேவையான பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவை வங்கிப் புத்தகத்தோட வரச் சொல்லு" என்று மட்டும் சொல்வேன். இடத்தை மாதம் ஒருமுறை மாற்றுவேன். கயிற்றைப் பிடித்து இழுத்து அறுப்பதில்லை. அறுத்தால் அன்று சாயங்காலமே அதைவிடத் தடிமனாக ஒன்று ஏறிவிடும், பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முறை வரும்போது கேட்பேன், "இதை யாருப்பா கட்டிவிட்டா?" என்று. பெரும்பாலும் ஒரு அண்ணனோ மாமாவோ இருப்பார். அவரிடம் நேரில் பேச வேண்டும். சில நேரம் பலித்திருக்கிறது. சில நேரம் அவர் என்னைப் பார்த்ததும் டீக்கடைக்குப் பின்பக்கமாகப் போய்விட்டார்.

முறை வரும்போது என்றேனே, அதுதான் என் பிடியரிசி.

காலையில் முதல் மணிக்கு முன்னால் பத்து நிமிடம், ஒரு பிள்ளையோடு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிள்ளை. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எங்களைப் போன்ற பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரைக்கும் காலை உணவு உண்டு. அதனால் இப்போது தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு பெரிய பிள்ளைகளும் நேரத்தோடு வந்துவிடுகிறார்கள். சின்னதுகள் உப்புமா, பொங்கல் சாப்பிடும் அந்த நேரத்தில் நானும் ஒரு பிள்ளையும் வேப்பமரத்துத் திண்டில் உட்கார்ந்திருப்போம். என் வகுப்பில் 34 பேர். வருடத்துக்கு 200 நாள் சொச்சம் பள்ளி நடக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஆறு முறை வரும். கூட்டினால் ஒரு மணி நேரம். ஒரு முழு வருடத்தில் ஒரு பிள்ளைக்கென்று நான் கொடுப்பது ஒரே ஒரு மணி நேரம்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். அதற்கு முந்தைய வருடங்களில் அதுவும் கொடுக்கவில்லையே என்றுதான் அழுகை.

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். சாயங்காலத்துக்கு மிச்சம் இருந்ததே இல்லை. பதிவேடு, செயலியில் ஏற்ற வேண்டிய விவரம், கூட்டம், பஸ். ஆச்சி சொன்னது சரி. உலையில் போடும் முன்னால் எடுத்துவிட வேண்டும்.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். பாடத்தைப் பேசக் கூடாது, அது ஒன்றுதான் நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. "படிச்சியா?" என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்குப் படுத்தே?" இந்த ஒரு கேள்வி போதும், வீடே வெளியே வந்துவிடும். கேட்டதை ஒரு 80 பக்க நோட்டில் இரண்டு வரி எழுதிவைப்பேன். அடுத்த முறை அதிலிருந்து தொடங்க வேண்டும். போன தடவை ஆட்டுக்குட்டி சுகமில்லை என்று சொன்ன பிள்ளையிடம், குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்காமல் வேறு பேச்சை எடுத்தீர்களானால் அத்தனையும் வீண்.

சில வருடங்களுக்கு முன்னால் பீடி சுற்றிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கூடல் வட்டாரத்தில் பீடி இல்லாத தெரு குறைவு. திண்ணையில் அம்மா மடியில் சுளவு என்கிற முறம், சுளவில் இலையும் தூளும், காலை நீட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பிள்ளை அப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் பூஜ்யம் என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். கரும்பலகையில் 700-ஐ 25-ஆல் வகுக்கச் சொன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். அதன் முறை வந்த அன்று கையைப் பார்த்தேன். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நூல் இழுத்த கோடு, பழுப்பு ஏறிய நகம். "எத்தனை மணிக்குப் படுத்தே?" "பதினொண்ணு ஆயிட்டு டீச்சர். எழுநூறு முடிச்சாத்தான் அம்மா எந்திரிக்கச் சொல்லுவாவ." "எழுநூறுன்னா எத்தனைக் கட்டு வரும்?" யோசிக்கவே இல்லை. "இருபத்தெட்டுக் கட்டுல்லா."

இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. அந்தப் பிள்ளை இருபத்தைந்தாம் வாய்ப்பாட்டை விரல் நுனியில் வைத்திருந்தது. ஆயிரத்துக்கு 40 கட்டு, 650-க்கு 26, கடையில் 30 பீடி ஆகாது என்று தள்ளினால் ஒரு கட்டும் ஐந்து பீடியும் நட்டம். அத்தனையும் சொன்னது. நாங்கள்தான் அதைக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வகுப்பில் வகுத்தலை 25-லிருந்து தொடங்கினேன். பீடி என்ற சொல்லை எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை தானாகவே கையைத் தூக்கியது. வகுப்பு திரும்பிப் பார்த்தது.

அதற்காக, ராத்திரி பதினொரு மணிவரை பிள்ளை பீடி சுற்றுவது சரியென்று சொல்லவில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பீடி வேலையில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. "நான் என்ன செய்யட்டும் டீச்சர்? இவ அப்பாவுக்குச் சோலி இருந்தாத்தான் உண்டு. கடைக்குக் கணக்குக் காட்டணும்லா" என்றார். அரை மணி நேரம் அவர் கஷ்டத்தைத்தான் கேட்டேன். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டேன், விளக்கு வைத்த பிறகு பிள்ளை கையில் சுளவைக் கொடுக்காதீர்கள் என்று. உடனே நடக்கவில்லை. நாலு மாதம் ஆயிற்று, மூன்று முறை போனேன். பிறகு அந்த அம்மாவே, "இப்பம்லாம் நான் மட்டுந்தான் டீச்சர், அவ சும்மா பக்கத்துல உக்காந்து படிக்கா" என்றார்.

இனி விசுவாசம். நான் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் கண்ணை மூடி என் வருகைப் பதிவேட்டை மனசுக்குள் திறப்பேன். அகர வரிசையில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒவ்வொருவருக்காகவும் ஜெபிப்பேன். 34 பெயர் முடியும்போது தாமிரபரணி ஆறு கண்ணில் தெரியும். இதை எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்பறையில் என் சாமியைப் பேசுவது நேர்மையில்லை என்பது என் முடிவு. அதில் எனக்குச் சங்கடமும் இல்லை. பிள்ளையின் பெயரைக் காலையில் ஒருமுறை கடவுள் முன்னால் சொன்னவளுக்கு, பத்து மணிக்கு அதே பெயரை எரிச்சலோடு கத்த நா வராது. ஜெபம் எனக்குத் தந்த பெரிய உதவி அதுதான்.

மற்றவர் சாமியை மதிப்பதற்கும் காலண்டர் பார்க்க வேண்டும். ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைவிழா நடக்கும் வாரத்தில் நான் தேர்வு வைப்பதில்லை. வைத்தால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்ததுகளும் தூங்கி விழும். ரமலான் மாதத்தில் கடைசிப் பாடவேளையில் ஓட விடுவதில்லை. கூட வேலை பார்க்கும் மேலப்பாளையத்து டீச்சரிடம் ஆச்சியின் டின்னைப் பற்றிச் சொன்னபோது, "எங்க உம்மாவும் பள்ளிவாசலுக்கு இப்படித்தான் பிடி அரிசி எடுத்து வப்பாங்க" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி வந்தது. அந்த நாட்களில் என் ஜெபத்தில் வார்த்தை வரவில்லை, பெயர்கள் மட்டும்தான் வந்தன. பள்ளி திறந்த அன்று பலகையில் எதையும் எழுதவில்லை. யார் எங்கே தூங்கினார்கள், என்ன போயிற்று என்று மட்டும் கேட்டேன். ஒரு பையன் புத்தகம் நனைந்ததைச் சொல்லாமல், கோழிகள் போனதைச் சொல்லிச் சொல்லி அழுதான். அழட்டும் என்று விட்டேன். பாடத்தை இரண்டு நாள் கழித்துத் தொடங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது.

கைநழுவிப் போன ஒருவனைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். எட்டாம் வகுப்பு, அமைதியான பையன். நன்றாகப் படிப்பான், தொந்தரவே இல்லை. அவன் முறை வந்தபோதெல்லாம், "இவன் பரவாயில்லை, அழுதுகொண்டு வந்த அந்தப் பிள்ளையை இன்று பார்ப்போம்" என்று மாற்றிவிட்டேன். நோட்டில் அவன் பக்கம் வெறுமையாக இருந்தது. முழுப் பரீட்சை முடிந்து லீவில் போனவன் ஒன்பதாம் வகுப்பில் எங்குமே சேரவில்லை. அப்பாவுக்குக் கடன், சென்னையில் ஒரு மளிகைக் கடையில் சேர்த்துவிட்டார்கள் என்று ஜூலையில்தான் தெரிந்தது. போனில் பேசினேன். "நல்லா இருக்கேன் டீச்சர்" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. இப்போது நான் முறையை மாற்றுவதே இல்லை. தொந்தரவு தராத பிள்ளையின் பக்கம் வெறுமையாக இருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும். ஆசிரியராக இருக்கும் யாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

பணத்துக்காகப் படிப்பு நிற்கக் கூடாது என்பதற்கு வழிகள் இருக்கின்றன, பெற்றோருக்குத் தெரிவதில்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90. ஏழாம் வகுப்பிலேயே பழக்க ஆரம்பித்தால்தான் உண்டு. தேர்வான பிறகும் பணம் வராமல் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் பெயர். ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கியில் இன்னொன்று, பள்ளிப் பதிவில் ஒரு எழுத்து அதிகம். ஆறாம் வகுப்பிலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்து நானே சரிபார்த்துவிடுகிறேன். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை தனியாக உண்டு, அதற்கும் இதே சரிபார்ப்புதான். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற வரும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து இருக்கும் 7.5 சதவீத இடத்தையும் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது. தெரியாமல் முடிவு எடுத்துவிடக் கூடாது.

வருங்காலம் பற்றி அந்தப் பயிற்சிப் பெண் கேட்டாளே. பாளையங்கோட்டையில் பஸ் ஏற நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் நூறு வருடத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் வைத்த ஊர் இது. பெண்கள் கல்லூரிக்குப் போவது நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில், 1895-லேயே சாராள் தக்கர் கல்லூரி இங்கே வந்துவிட்டது. அந்தச் சாராள் தக்கர் என்ற அம்மா இந்த மண்ணை மிதித்ததே இல்லை. முகம் தெரியாத பிள்ளைகளுக்காக எங்கிருந்தோ அனுப்பிய காசு இன்றைக்கும் படிப்பாக நிற்கிறது. அப்படியானால் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் 34 பேருக்கு நான் எவ்வளவு செய்யலாம்! அந்த இருபத்தெட்டுக் கட்டுப் பிள்ளை இப்போது ராணி அண்ணா கல்லூரியில் இரண்டாம் வருடம். பி.எட். முடித்து நம் ஊருக்கே டீச்சராக வர வேண்டும் என்பது என் ஆசை. அதன் ஆசை வங்கி வேலை. அதுவும் நல்லதுதான், கணக்கு கைவசம் இருக்கிறது. ஓய்வுபெற எனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. அதற்குள் இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைகூட அடுத்த பிள்ளை என்ன சாதி என்று கேட்காத ஒரு வகுப்பையாவது பார்த்துவிட வேண்டும்.

இந்த வருடம் என் வகுப்பில் ஒரு பையன். ஜூனில் சேர்ந்ததிலிருந்து தலையாட்டுவான், வாயைத் திறக்கமாட்டான். அவன் முறை இரண்டு தடவை வந்து போயிற்று. இரண்டு தடவையும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். நோட்டில் "பேசவில்லை" என்று எழுதினேன். மூன்றாவது முறை இந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"டீச்சர், நம்ம ஆத்துல எத்தனை வகை மீன் உண்டும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. நீ சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்."

"கெண்டை, கெளுத்தி, அயிரை, விரால், குறவை, விலாங்கு..." விரலை மடக்கிக்கொண்டே போனான். மணி அடித்தது. அவன் நிறுத்தவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.